வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்



சுங்கை புரோங் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரம் நின்றால் சில வேளை ஒரு வேடிக்கை பார்க்கலாம். செகிஞ்சான் நெல்வயல்களைக் காண வருகிறவர்களின் கார்களுக்கு நடுவே, தரையோடு படுத்தாற்போல் ஒரு பந்தயக் கார் உறுமிக்கொண்டு போகும். மறுநாள் வகுப்பில் பையன்களுக்கு அதே பேச்சுத்தான். பையன்கள் பேசுவதோடு சரி. வளர்ந்த பிள்ளைகள் சிலர் வாங்கவே புறப்பட்டுவிடுகிறார்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தான். தொழிற்சாலையில் வேலை. "சார், பழைய பெராரி ஒன்று விலைக்கு வருகிறது. புதிதில் விற்ற விலையில் பாதிகூட இல்லை. கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறோம். என் பங்குக்கு அம்மாவின் சேமநிதிப் பணம் இருக்கிறது" என்றான். அந்த அம்மாளை எனக்குத் தெரியும். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது.

"வாங்குவது இருக்கட்டும் தம்பி. யானையைக் கட்டித் தீனி போட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. நோட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவை வைத்து வரி போடுகிறார்கள். 1,000 சி.சி. வரை உள்ள சிறு காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 3,000 சி.சி.யைத் தாண்டினால் அடிப்படை வரி 2,130 வெள்ளி. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சி.சி.க்கும் 4 வெள்ளி 50 சென். மாணவன் பார்த்து வைத்திருந்தது 1999-இல் வெளிவந்த பெராரி 360 வகை. அதன் இயந்திரம் 3,586 சி.சி. கூடுதலான 586 சி.சி.யை நாலரையால் பெருக்கினால் 2,637. அடிப்படையையும் சேர்த்தால் 4,767 வெள்ளி. 2025-இல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளம் வரிக்கே போய்விடும். 6,498 சி.சி. கொண்ட லம்போர்கினி அவெந்தடோருக்கு இதே கணக்கில் 17,871 வெள்ளி வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கலாம். இயந்திரத்தின் சி.சி. இறங்குவதில்லை. ஆகவே வரி அப்படியே நிற்கும். உதிரிப் பாகங்களும் அப்படித்தான். பாதி விலைக்கு வாங்கிய காருக்குப் பாதி விலையில் பாகம் கிடைக்காது. காரை விலை குறைத்து வாங்கினாலும் அதற்குச் செய்யும் செலவு புதுக் கார்க்காரர் செய்யும் செலவுதான். கார் பழையதாவதால் பழுதுகள் கூடவும் செய்யும்.

அடுத்து, என்னென்ன பழுது வரும் என்று பார்ப்போம். பெராரி 360-இன் இயந்திரத்துக்குள் டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் வார் இருக்கிறது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது இந்த வார்தான். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளில் மோதும். பிறகு இயந்திரத்தையே பிரித்துச் செப்பனிட வேண்டியதுதான். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாரை மாற்றியே ஆகவேண்டும். 360-க்கு முன்வந்த 355 வகையில் இந்த வாரை மாற்றுவதற்கு இயந்திரம் முழுவதையும் வெளியே இறக்க வேண்டும். 360-இல் இருக்கைக்குப் பின்னால் ஒரு வழி வைத்துவிட்டார்கள். அதற்குப் பின்வந்த எப் 430 வகையில் வாருக்குப் பதில் சங்கிலி வந்துவிட்டது.

இரண்டாவது கிளட்ச். கிளட்ச் மிதி இல்லாமல் பொத்தானால் கியர் மாற்றும் பழைய கார்களில் அந்த வேலையை எண்ணெய் அழுத்தக் கருவி செய்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் தட்டு உரசித் தேய்ந்துவிடும். கல்யாண ஊர்வலத்தில் கார் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியில் டிராக்டர் செய்துகொண்டிருந்த பெருச்சியோ லம்போர்கினி, தம் பெராரியின் கிளட்ச் தொல்லை தாங்காமல்தான் 1963-இல் சொந்தக் கார் நிறுவனம் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. டிராக்டர்காரருக்கே தொல்லை கொடுத்த பாகம் அது.

மூன்றாவது வெப்பம். இவ்வகைக் கார்களில் இயந்திரம் பெரும்பாலும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அடைபட்டிருக்கும். வேகமாக ஓடும்போது காற்று வந்து குளிர்விக்கும். மெதுவாக ஊரும்போது விசிறிகளே துணை. 2005-இல் வந்த புகாட்டி வேரோனில் 1,001 குதிரைசக்தி. அதைக் குளிர்விக்க 10 ரேடியேட்டர்கள் வைத்தார்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர்க் குழாய்களும் மின்கம்பி உறைகளும் சீக்கிரம் கெட்டுவிடும். கொட்டகையில் சும்மா போட்டு வைத்தாலும் பேட்டரி இறங்கிவிடும். தோட்டப்புறத்து எலிகளுக்கு எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் ஒன்றுதான்.

இவற்றோடு டயரும் பிரேக்கும் இருக்கின்றன. அகன்ற மென்மையான டயர் விரைவில் தேயும். தேயாவிட்டாலும் வயதானால் மாற்ற வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாததால், நம் பக்கத்து வேகத்தடையில் முன்பகுதி உரசும். பழுது பார்க்கும் கருவியும் எல்லாப் பட்டறையிலும் இருப்பதில்லை. 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எப் 1 காரைச் சோதிக்க அந்த நிறுவனமே 1990-களின் பழைய மடிக்கணினியைப் பத்திரமாக வைத்திருந்தது என்று 2016-இல் செய்தி வந்தது.

கடைசியாகக் காப்புறுதி. தனியார் காருக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விடும்போது பாதுகாப்புத் தராது. இதைக் கேட்டதும் மாணவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

நேயர்களே, நம்மில் பெராரி வாங்குவோர் அதிகம் இல்லை. ஆனால் பழைய சொகுசுக் கார் மலிவாக வருகிறதென்று ஒன்பது ஆண்டுத் தவணையில் கையெழுத்துப் போடுவோர் நம் தோட்டங்களில் உண்டு. அவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஓராண்டுச் சாலை வரி எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு, நான்கு டயர் என்ன விலை, அடுத்துவரும் பெரிய பராமரிப்பு எப்போது, அதைச் செய்யும் பட்டறை எங்கே? இவற்றை எழுதிக் கூட்டி பன்னிரண்டால் வகுத்து, மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். அந்தத் தொகைதான் காரின் உண்மையான விலை.

என் மாணவன் அந்தக் காரை வாங்கவில்லை. அம்மாவின் பணம் சேமநிதியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த உறுமல் கேட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிறான். பார்க்கட்டும், அதற்குச் செலவில்லை.