புதர் என்று வெட்டியது

சென்னையின் பழைய காட்டைப் பார்க்க வெளியூர் போக வேண்டாம். கிண்டியில் மதிலுக்கு அப்பால் அதன் மிச்சம் இன்னும் உயிரோடிருக்கிறது. சோழமண்டலக் கரையோரம் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு அது. வீரை, பாலை, களா, காட்டு எலுமிச்சை, திருமாலின் நிறத்துக்கு உவமையான பூவைத் தரும் காயா எல்லாம் அந்தக் காட்டுக்குரியவை. வானளாவ வளராதவை. இலை சிறிது, ஆனால் தடிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை வைத்துக்கொண்டு கத்திரி வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கும்.

1910இல் ஆளுநர் மாளிகை வளாகத்தையும் சேர்த்து இங்கே காப்புக்காடு சுமார் 500 ஹெக்டேர். பிறகு காந்தி மண்டபம், 1959இல் ஐஐடி என்று பிரித்துக் கொடுத்தது போக, தேசியப் பூங்காவுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 270. ஐஐடி வளாகத்துக்குள் ஒரு நல்ல பகுதி தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கிண்டிக்கு வேலியாவது உண்டு. நகரின் மற்ற இடங்களில் போனதற்குக் கணக்கே இல்லை. அன்று மனைகளைச் சுற்றி உயிர்வேலி இருந்தது: கிளுவை, நொச்சி, ஆதண்டை. அவற்றின் மேல் கோவை படரும், ஈச்சுரமூலி படரும். சிவந்த உடலும் கறுத்த இறகும் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி இந்த ஈச்சுரமூலி இனக் கொடிகளில்தான் முட்டையிடும். அதன் புழுவுக்கு வேறு இலை ஆகாது. இன்று வேலியின் இடத்தில் சுவர், கொடியின் இடத்தில் சிமென்ட் தரை. பட்டாம்பூச்சி எங்கே போகும்?

நகரில் பசுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாலையோரம் தூங்குமூஞ்சி இருக்கிறது, செம்மயிற்கொன்றை இருக்கிறது. முன்னது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பின்னது மடகாஸ்கரிலிருந்து. சீக்கிரம் நிழல் தருகின்றன, கண்ணுக்கும் அழகு. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்து கிடந்தவற்றில் இவை ஏராளம். வேரைச் சுற்றிக் கான்கிரீட் இறுக்கியிருந்ததும் ஒரு காரணம். அந்த இழப்புக்காக ஊரே வருந்தியது. களாவும் சூரையும் காரையும் மண்வாரி இயந்திரத்தில் போனபோது யாரும் வருந்தவில்லை. மனை சுத்தமாகிவிட்டது என்றார்கள். எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. மரம் போனால் ஒன்று நடலாம். அடுக்கடுக்காகப் பின்னிக் கிடந்த புதரை நட்டுக் கொண்டுவர முடியாது.

வீரை மெதுவாக வளரும் மரம். அவசரமாக நிழல் கேட்பவர்கள் அதை நடுவதில்லை. ஆனாலும் வழி இருக்கிறது. பூங்காவிலோ பள்ளி வளாகத்திலோ ஒரு மூலையைப் புல்தரையாக்காமல், பெருக்காமல், வெட்டாமல் விட்டால் போதும். களாப்பழம் தின்ற கொண்டைக்குருவி விதையைக் கொண்டுவந்து போடும். முளைப்பதைப் பிடுங்காமலிருக்கத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.