மூன்று பிள்ளைகள், மூன்று பள்ளிக்கூடம்

பாகான் டாலாமில் ஓர் அடுக்குமாடி வீடு. சனிக்கிழமை காலை. வெளியே கம்பியில் காயும் துணிகளைப் பார்த்தாலே அந்த வீட்டுப் பிள்ளைகளின் கதை விளங்கிவிடும். ஆறாம் படிவம் படிக்கும் மூத்த மகளின் பாஜு கூரோங் ஒன்று, எண்ணெய்க் கறை போகாத பட்டறைச் சட்டை ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு பெண்ணின் பள்ளிச் சீருடை. ஒரே வீட்டில் மூன்று பள்ளிக்கூடத்துத் துணி!

இவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள். நிலம் வீடமைப்புக்குப் போன பிறகு, 2022-இல் இங்கே குடி வந்தார்கள். லயங்கள் போய்விட்டன, பள்ளி மட்டும் இன்னும் அங்கே நிற்கிறது. தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை, தாயாருக்குப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்கள ஆளுக்கொரு தெசையா அனுப்பிட்டா சார் என் மருமவ," என்று பாட்டி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாட்டியை நான் குற்றம் சொல்லமாட்டேன். பள்ளியில் பெயர் பதிய வரும் பெற்றோரில் பாதிப் பேர் சொல்வதும் இதுதான்: "பெரியவன எங்க போட்டீங்களோ அங்கேயே சின்னவனையும் போட்டுருங்க சார்."

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் முன்னோருக்குப் பாதை ஒன்றுதான் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. அப்படி எழும்பியவைதாம் நமது தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். சில ஆண்டு எழுத்துப் படித்தபின் அண்ணனும் பால் மரத்துக்குப் போனான், தம்பியும் போனான். வீட்டில் இருந்து சின்னதுகளைப் பார்த்துக்கொள்வது தங்கையின் பாடு. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கேட்க அங்கே இடமே இல்லை. அக்கரையில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-லேயே தமிழ் வகுப்பு தொடங்கியிருந்தது. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத உயரம். அந்தக் காலம் போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை.

இந்த வீட்டில் மாற்றம் வந்தது 2020 மார்ச் மாதத்தில். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடின. அடுத்த ஆண்டும் மாதக்கணக்கில் வீடே பள்ளிக்கூடமாயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தோட்டத்தில் லைன் கிடைக்க வேண்டுமானால் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும். நாங்கள் ஆசிரியர்கள் பாடத்தை அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் ஒரு நன்மையும் நடந்தது. தம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அந்தத் தாயார் முதன்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

மூத்தவள் படித்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அவளுக்கே மனத்தில் நிற்கும். நடுப்பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுவான். பழுதான மின்விசிறியைக் கொடுத்தால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருப்பான். கடைக்குட்டி அப்போது முதலாம் ஆண்டு. கைப்பேசியில் வந்த என் குரலைக் கேட்டு அவள் எதுவுமே செய்யவில்லை. தாயார் எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துச் சொன்னால் மட்டும் செய்தாள்.

இங்கே என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி திறந்திருந்த வாரங்களில் அந்தக் குழந்தையைப் பின் வரிசையில் உட்கார வைத்தவன் நான். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிடிவாதக்காரி என்று நினைத்தேன், 'மந்தம்' என்று ஒரு முறை குறிப்பும் எழுதினேன். தாயார்தான் வந்து, "சார், அவளுக்குக் காதுல ஏதோ இருக்கு. முகத்தப் பார்த்தா மட்டும் புரிஞ்சுக்கிறா," என்றார். அரசாங்க மருத்துவமனைச் சோதனையில் இரு காதிலும் கேட்கும் சக்தி மிகக் குறைவு என்று தெரிந்தது. இருபது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்த எனக்குத் தெரியாதது, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்குத் தெரிந்தது.

அடுத்து என்ன செய்வது? தகப்பனார், "வீட்டுலயே இருக்கட்டும், அக்கா சொல்லிக் கொடுப்பா," என்றார். பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் 2003 முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். 1996 கல்விச் சட்டத்தின் திருத்தப்படி, ஆறு வயது நிரம்பிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். 2025 ஜூலையில் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பதினைந்து வயதுப் பெண்ணின் தோளில் தங்கையின் வாழ்நாள் படிப்பையே தூக்கி வைப்பது நியாயமா? மூத்தவள் படிப்பும் சேர்ந்து போயிருக்கும்.

தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி இருக்கிறது. 1954-இல் தொடங்கியது, நாட்டில் அத்தகைய பள்ளிகளில் முன்னோடி. பிள்ளைகள் தங்கிப் படிக்கலாம். அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆரம்ப காலத்தில் உதட்டைப் பார்த்துப் படிக்கவும் வாயால் பேசவும் மட்டுமே அங்கே பழக்கினார்களாம். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கையாலேயே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி என்று அறிஞர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் கொடுத்த பாதை பொருந்தாதபோது, பிள்ளைகள் தாங்களே ஒன்று போட்டுக்கொண்டார்கள்!

தாயாருக்கு அங்கே அனுப்பப் பயம் வேறு விதமாக இருந்தது. "அங்க பாடம் மலாய்ல, பேச்சு கையில. என் புள்ள என்னை அம்மான்னு எழுதவாவது செய்யுமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தமிழ்ப் பள்ளி வாத்தியார் நான். தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லி நானே கையெழுத்துப் போடுகிறேன். 1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று ஐந்நூற்றுச் சொச்சம்தான். பினாங்கு மாநிலத்தில் 28. ஒரு பிள்ளை குறைந்தாலும் எங்களுக்கு வலிக்கும். ஆனாலும் கேட்காத பாடத்தை ஆறு ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. கையெழுத்துப் போட்டேன்.

மற்ற இருவர் கதை இவ்வளவு கனமானதன்று. பையன் தமிழ்ப் பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தான். நம்மவர்கள் இதைப் பெரிய அவமானமாக எண்ணுகிறார்கள். மலாய் மொழியில் கால் ஊன்ற அந்த ஓராண்டு இவனுக்கு உதவியது என்பதை நான் கண்ணாரக் கண்டேன். ஆனால் 'ஒரு வருசம் வீணாப் போச்சு' என்று வீட்டில் தினம் சொல்லிக் காட்டினால் பிள்ளை அங்கேயே உடைந்துவிடுவான். மூன்றாம் படிவத்திற்குப் பிறகு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பித்தான். இரண்டாண்டில் சான்றிதழ், தகுதி பெற்றால் மேலும் இரண்டாண்டில் டிப்ளோமா. பழைய தொழிற்பள்ளிகளை 2012 தொடங்கிக் கல்லூரிகளாக மாற்றினார்கள். "கைத்தொழில் படிக்கவா தோட்டத்த விட்டு வந்தோம்?" என்று தகப்பனார் முகம் சுளித்தார். இப்போது மாடி முழுவதற்கும் மின்விளக்குக் கோளாறு என்றால் பையனைத்தான் கூப்பிடுகிறார்கள். தகப்பனாரும் கூடவே டார்ச் லைட் பிடித்துக்கொண்டு போகிறார்.

மூத்தவள் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுத்தாள். பள்ளி நேரம் கழிந்து நடந்த வகுப்பு, பஸ் கிடைக்காமல் பல நாள் நடந்தே வந்தாள். மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுதாள். பிறகு ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். அரசாங்கப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டு, மூன்று தவணைத் தேர்வு. எஸ்.டி.பி.எம். சான்றிதழைக் கொண்டும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் படிப்பே முடிந்தது என்று கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடும் பெற்றோர், பக்கத்துப் பள்ளியில் இருக்கும் இந்தக் கதவை ஒரு முறை தட்டிப் பார்க்கட்டும்.

தேசியப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கும் தமிழ் வகுப்பு வைக்கச் சட்டத்தில் வழி உண்டு. கேட்காமல் யாரும் கொண்டுவந்து கொடுக்கமாட்டார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை, முதலில் அரசாங்க மருத்துவரின் உறுதிக் கடிதம், பிறகு சமூக நலத்துறையில் பதிவு, அதன் பின் மாவட்டக் கல்வி இலாகா. பள்ளியில் சேர்ந்துவிட்டால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. முதலாம் ஆண்டில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், என்னைப் போல் குறிப்பு எழுதிவிட்டு உட்காராமல், காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அன்று சனிக்கிழமை நான் போனபோது கடைக்குட்டி விடுமுறைக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயதை நெருங்குகிறாள். ஒவ்வொரு விடுமுறையிலும் அக்காள் அவளுக்குத் தமிழ் எழுத்து எழுதிக் காட்டுகிறாள், அவள் அக்காளுக்கும் அம்மாவுக்கும் கைமொழி கற்றுக் கொடுக்கிறாள். தகப்பனார் என்ற பெரிய மாணவருக்கு மட்டும் விரல் வளையவில்லை. அவர் தப்பாகக் காட்டும்போதெல்லாம் அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் புரள்கிறாள். பாட்டிகூடச் 'சாப்பிட்டாயா' என்பதற்குக் கையைக் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்.

என்னைப் பார்த்ததும் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் பக்கத்தில் கோணல்மாணலாக 'அம்மா' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் 'சார்'. துணைக்கால் விட்டுப் போயிருந்தது. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் தேடினேன். தாயார் சிரித்துக்கொண்டே கோப்பிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் மாலை ஃபெரியில் அக்கரை போய், அங்கிருந்து பஸ் ஏறி விடுதியில் கொண்டுபோய் விடவேண்டும். இந்த முறை அண்ணன் கூட்டிப்போகிறானாம்.