முதலாம் ஆண்டு ஆங்கில இலக்கியம்: யாருடைய வகுப்பறை?

தருமபுரி மாவட்டத்தின் அரசு கலைக் கல்லூரிகள், 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. தமிழ்வழியில் பயின்று இங்கு ஆங்கில இலக்கியத்தில் சேரும் தலித் மாணவர், முதலாம் ஆண்டில் பகுதி ஒன்றில் மட்டுமே தமிழைக் காண்கிறார். முதன்மைத் தாள்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குறைவது அறிவன்று, மொழிப் பழக்கமே. ஆயினும் தோல்வி அவர்மீதே சுமத்தப்படுகிறது.

2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்ட மாவட்டம் இது. உழைத்துச் சேர்த்த முன்னேற்றத்தை அன்று வன்முறை அழித்தது. முதலாண்டு இடைநிற்றலோ அதே முன்னேற்றத்தை ஓசையின்றித் தடுக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் தமிழில் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. இரண்டையும் இணைத்து முதலாண்டிலேயே கற்பித்தால், மூலத்தின் பேச்சுமொழியும் வாழ்வும் அறிந்த மாணவர் வகுப்பில் பின்தங்கியவராக இரார், பிறருக்கு விளக்குபவராவார். ஆனால் இத்தகைய எழுத்துகளுக்குப் பாடத்திட்டத்தில் நிலையான இடமில்லை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து நீக்கியது. எனவே சேர்க்கையில் இடஒதுக்கீடு மட்டும் போதாது. மொழிப் பயிற்சியும் பாடத்தில் இடமும் உரிமைகளாகக் கோரப்பட வேண்டும்.