பழுது விரலில் இல்லை, கிட்டாரில்!

உங்கள் வீட்டு அலமாரியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு கிட்டார் தூசி படிந்து கிடக்கிறதா? பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டான், வாங்கிக் கொடுத்தோம், மூன்று மாதம் வாசித்தான், பிறகு தொடவே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் படியுங்கள்.

வானொலி அறிவிப்பாளராக இருப்பதால் இசை ஆசை உள்ள நேயர்களிடம் அடிக்கடி பேசுகிறேன். "எனக்கும் கிட்டார் கற்க ஆசைதான், ஆனால் வரவில்லை" என்பவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான்: "விரல் வலிக்குது", "வாசிச்சா சுருதி சேரல." இந்த இரண்டுக்கும் காரணம் கிட்டாராகவே இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

என் அக்கா மகன் படிவம் மூன்று படிக்கிறான். யாரோ வைத்திருந்த எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை அக்கா 200 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். சில மாதங்களில் அவன் அதை உறையில் போட்டு மூடிவிட்டான். "அவனுக்கு சங்கீதம் வராதும்மா, விட்டுடு" என்றார் அக்கா. கடையில் கேட்டதற்கு, பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்றார்களாம். கடந்த பள்ளி விடுமுறையில் அந்தக் கிட்டாரை என் வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை மதியங்களில், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீணை தெரிந்தால் கிட்டாரும் தெரியும்

கிட்டாரின் உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட். வீணையில் தந்திகள் ஏறி நிற்கும் குதிரைதான் பிரிட்ஜ். சுருதி சேர்க்கத் திருகும் பிருடைக்கு இங்கே டியூனர் என்று பெயர்.

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நிறுத்துவார்கள். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். நாளடைவில் மெட்டு நகர்ந்து சுரம் பிசகினால் மறுபடியும் மேளம் கட்டியாக வேண்டும். கிட்டாருக்கும் இப்படி ஒரு வேலை உண்டு. அதை 'செட்டப்' என்கிறார்கள். வீணை வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கிட்டார் வாங்குகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எலக்ட்ரிக் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தைப் பிறகு உலகமே நகல் எடுத்தது. நம் ஊரில் கிடைக்கும் மலிவான கிட்டார்களில் பல அந்த வார்ப்புதான். அதனால் நமக்கு ஒரு லாபம்: திருகு, தந்தி, சுவிட்ச் எல்லாமே எளிதில் கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பினாங்கில் பழைய பொருள் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது லோரோங் கூலிட் காலைச் சந்தை. அங்கேயோ இணையத்திலோ தெரிந்தவரிடமோ, எங்கே வாங்கினாலும் மூன்றைச் சோதியுங்கள்.

முதலில், தலைப் பக்கத்திலிருந்து கழுத்தின் வழியே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கழுத்து இலேசாக வில் போல வளைந்திருந்தால் சரி செய்யலாம். முறுக்கிக் கொண்டிருந்தால் வாங்க வேண்டாம். இரண்டாவது, தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மெட்டுகளில் தந்தி அழுத்திய இடம் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மெட்டு மாற்றும் செலவு கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். துருப்பிடித்த தந்தி, கரகரக்கும் குமிழ், சத்தம் வராத ஓட்டை ஆகியவற்றைக் கண்டு பயப்படாதீர்கள். அவற்றைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கலாம்.

கருவிகள்

ஸ்க்ரூ டிரைவர், சிறிய அலன் கீ செட், அரை மில்லிமீட்டர் கோடுள்ள இரும்பு அடிக்கோல், கைப்பேசியில் ஒரு டியூனர் செயலி. இவற்றோடு, மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படும் ஃபீலர் கேஜ் ஒன்று. புதுத் தந்தி, மின்தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே, ஃபீலர் கேஜ் மூன்றுக்கும் சேர்த்து எனக்கு 70 வெள்ளிக்குள் முடிந்தது. சால்டரிங் அயன் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ஊடகவியல் படித்த காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்து மைக் வயர்களை ஒட்டிப் பழகிய கை இது.

முதல் சனிக்கிழமை: சுத்தமும் மின்வேலையும்

வரிசை முக்கியம். தந்திகளைக் கழற்றிய பிறகுதான் உள்ளே திறக்க முடியும். ஆகவே புதுத் தந்தி போடுவதற்கு முன்பே மின்வேலையை முடித்துவிட வேண்டும்.

கடல் காற்றும் புழுக்கமும் சேர்ந்த நம் தீவில் மெட்டுகள் சீக்கிரம் மங்கிவிடும். 0000 எண் கொண்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். அதற்கு முன் பிக்கப்புகளின் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சுருள். தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அதுதான் ஒலிபெருக்கியில் இசையாகக் கேட்கிறது. ஸ்டீல் வுல்லின் இரும்புத் தூள் அந்தக் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது கடினம்.

ஒலிக்குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது. மின்தொடர்புக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைக் குமிழின் உள்ளே சிறிது அடித்து, இருபது முப்பது முறை இரு பக்கமும் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயர் செருகும் ஓட்டைதான் அதிகம் கெடும் இடம். அதன் நட்டு தளர்ந்து ஓட்டையே சுழலும். உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். எங்கள் கிட்டாரிலும் அதே கதை. இரண்டு வயர்கள்தான். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று எர்த்துக்கு. அறுந்ததை மறுபடி ஒட்டி நட்டை இறுக்கியதும் கிட்டார் பேசியது.

ஓர் எச்சரிக்கை. கிட்டாரின் உள்ளே ஆபத்தான மின்சாரம் கிடையாது. ஆனால் ஆம்ப்ளிஃபையர் அப்படியல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதைத் திறக்காதீர்கள். தந்தியைத் தொடும்போது கையில் சுருக்கென்று ஷாக் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரையும் வீட்டு எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இரண்டாம் சனிக்கிழமை: கழுத்தும் உயரமும்

பிள்ளையின் விரல் வலித்த காரணம் இங்கேதான் தெரிந்தது. முன்பிருந்த தந்திகள் தடிமனானவை. மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலமாக உள்ள செட்டைப் போட்டால், ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 38 கிலோ விசையில் இழுக்கும். 0.011 செட் போட்டால் அது 50 கிலோவைத் தாண்டிவிடும். அந்த இழுவையில் கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தது. பிரிட்ஜும் உடலை விட்டு மேலே தூக்கிக் கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து தந்தியை மெட்டிலிருந்து விலக்கிவிட்டன.

நாங்கள் 0.009 செட்டைப் போட்டோம். பின்பக்க மூடியைக் கழற்றினால் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங்குகள் தெரியும். அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சமமாக இறுக்கி, சுருதி சேர்த்து, பிரிட்ஜ் படிந்து நிற்கும் வரை இதையே திரும்பச் செய்தோம்.

அடுத்து கழுத்து. அதன் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்தியின் இழுவைக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்துவது அதன் வேலை. முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடியுங்கள். நடுவில், எட்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.25 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. எங்கள் கிட்டாரில் டச் என் கோ அட்டையே தந்தியைத் தொடாமல் நுழைந்தது. அந்த அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர்!

ட்ரஸ் ராடை வலப்பக்கம் திருகினால் கழுத்து நிமிரும். இடப்பக்கம் திருகினால் தளரும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். திருகு அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். ராட் முறிந்தால் கழுத்தே போய்விடும்.

கழுத்து நிமிர்ந்த பிறகுதான் தந்தியின் உயரம். பன்னிரண்டாவது மெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். மெல்லிய தந்திக்கு 1.6 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். வேலையைத் தொடங்கும் முன் நாங்கள் அளந்தபோது தடித்த தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. இரண்டு மடங்கு! பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக உள்ள சிறு திருகுகளை அலன் கீயால் இறக்கினோம்.

சுருதி ஏன் சேரவில்லை?

தந்தியை அழுத்தும்போது அது சற்று நீள்கிறது. நீண்டால் இழுவை கூடும். இழுவை கூடினால் சுரம் ஏறும். தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக ஏறும். அதனால் திறந்த தந்திகளை டியூனரில் சரியாகச் சேர்த்திருந்தாலும், வாசிக்கும்போது கார்டுகள் பிசிறடிக்கும்.

பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. அங்கே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மேல் ஸ்தாயி சுரம் கேட்கும். அதே இடத்தில் அழுத்தி வாசித்தாலும் அதே சுரம் வர வேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறினால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கினால் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். ஆறு தந்திகளுக்கும் இதைச் செய்ய எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வேலை முடிந்ததும் பையன் ஒரு ஜி கார்டு பிடித்து மீட்டினான். நிறுத்தினான். மறுபடி மீட்டினான். "சித்தி, இவ்ளோ நாளா நான் தப்பா வாசிக்கலையா?" என்று கேட்டான். ஆசையோடு கற்க வந்த ஒரு பிள்ளை, தனக்குச் சுரஞானமே இல்லை என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறான். அந்த அபசுரம் நாலு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து வந்தது.

கமகத்துக்கு ஒரு கணக்கு

தந்தி தாழ்வாக இருந்தால் சுலபம் என்பதற்காக ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது அது அடுத்த மெட்டுகளில் உரசி அடங்கிவிடும். நம் பாட்டுக்கு இழுப்பும் அசைவும் உயிர். ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை உலகமெங்கும் கொண்டு சென்றார் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). கிட்டாரில் அதைச் செய்து வருகிறார் பிரசன்னா. அந்த ஆசை உள்ளவர்கள் மெல்லிய தந்தியையும் 2 மில்லிமீட்டரை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கைதேர்ந்தவரிடம் விட வேண்டியவை

மெட்டு மாற்றுவது, தேய்ந்த மெட்டுகளை அரவி மட்டம் செய்வது, கழுத்தின் மேல் நுனியில் தந்தி தங்கும் 'நட்' பள்ளங்களை அறுப்பது, தலைப் பக்க விரிசலை ஒட்டுவது ஆகியவை வீட்டு வேலை அல்ல. திருகைத் திருப்பி மாற்றலாம். அறுத்த பள்ளத்தை நிரப்ப முடியாது.

பினாங்கு வெயிலும் மழையும்

குளிரூட்டிய அறையில் இருந்து வெளியே எடுத்தால் மரம் ஈரத்தை இழுத்துக் கழுத்தின் வளைவு மாறும். கிட்டாரை எப்போதும் ஒரே மாதிரியான இடத்தில், வெளிச்சுவரில் சாய்க்காமல் வையுங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் தந்திகளின் அடியிலும் மேலும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்புதான் தந்திக்கு முதல் எதிரி.

லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு நம் பினாங்கிலிருந்துதான் நாடறியப் புறப்பட்டது. இந்தத் தீவில் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இன்றும் குறைவில்லை. இந்த வாரம் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக் கிட்டாரின் பன்னிரண்டாவது மெட்டை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், பிள்ளையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அலன் கீயைத் தேடுங்கள்.