விரல் நுனியில் ஒரு பட்டுவாடா



அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், ஊழியர் சேமநிதிக் கடிதம் ஆகியவற்றை முன்பெல்லாம் தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தோம். இன்று அவற்றின் படங்கள் நம் கைப்பேசிக்குள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு பத்திரம் அனுப்ப வேண்டுமானால், அதன் படத்தை ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படி மாற்றும்போது அது வேண்டாதவர் கைக்குப் போகாமல் இருப்பது எப்படி? இதைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

கைப்பேசியில் படம் பார்க்க ஒரு செயலி, கடிதம் அனுப்ப ஒரு செயலி, வங்கிக் கணக்கிற்கு ஒரு செயலி என்று பல உண்டு. இவை லயத்து வீடுகளைப் போல வரிசையாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவரும் தனிப் பூட்டும் உண்டு. பிள்ளைகள் விளையாடும் செயலி, வங்கிச் செயலிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இந்தச் சுவர்களைக் காத்து நிற்பது கைப்பேசியின் இயங்குதளம். அதை நாம் தோட்டத்துக் காவற்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவர் நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டுப் பொருளை அடுத்த வீட்டிற்குக் கொடுக்க வழி வேண்டாமா? நகலெடுத்து ஒட்டுவது பழைய வழி. நகலெடுத்த எழுத்தோ படமோ ஒரு பொதுப் பலகையில் தங்கியிருக்கும். ஆபீஸ் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையை வருவோர் போவோர் எல்லாரும் படிப்பதைப் போல, அந்தப் பலகையைப் பிற செயலிகளும் பல ஆண்டுகள் ஓசையின்றிப் படிக்க முடிந்தது. பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, திரையில் திறந்திராத செயலிகள் அதைப் படிக்கத் தடை விதித்தது. தட்டெழுத்துப் பலகைச் செயலிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐபோனில் 2020 முதல், ஒரு செயலி அதைப் படித்தால் திரையில் அறிவிப்பு வந்தது. 2022 முதல் நம் அனுமதியையே கேட்கிறது.

இன்னொரு வழி இழுத்து விடுதல். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 இதனைச் செயலிகளுக்கிடையே கொண்டுவந்தது. 2017-இல் ஐபேடுக்கும் 2021-இல் ஐபோனுக்கும் இவ்வசதி வந்தது. செய்முறை எளியது. படத்தின்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் அது மேலே எழும்பும். விரலை எடுக்காமல், மற்றச் செயலிக்கு நகர்த்தி, அங்கே விரலை எடுத்தால் படம் அங்கே போய்ச் சேரும். எல்லாச் செயலிகளும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. கொடுப்பவற்றில் மட்டுமே இது நடக்கும்.

இதில் உள்ள காவல் என்ன? மூன்று உண்டு.

முதலாவது, பொருள் மூடிய கூடையில் போகிறது. வழியில் உள்ள செயலிகளுக்கு, 'இது படம்', 'இது எழுத்து' என்ற வகை மட்டுமே தெரியும். நாம் விரலை எடுக்கும் இடத்தில்தான் கூடை திறக்கும்.

இரண்டாவது, கொடுக்கும் செயலிக்கும் உரிமை உண்டு. தன் பொருள் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அது தடுத்துவிட முடியும்.

மூன்றாவது, பெறுகின்ற செயலிக்கு அந்த ஒரு பொருள் மட்டுமே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியும், அதைப் படிக்கத் தற்காலிக அனுமதியும் கொடுக்கப்படுகின்றன. பெட்டியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்துக் கொடுப்பது வேறு, பெட்டிச் சாவியையே கொடுப்பது வேறு அல்லவா? ஒரு படம் மட்டும் தேவைப்படும் செயலி, 'எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கொடு' என்று கேட்டால், அது சாவியைக் கேட்கிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நேயர்களே, காவற்காரர் வழியைத்தான் காப்பார். கூடையை வாங்கிக்கொள்பவர் நல்லவரா, கெட்டவரா என்று அவருக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர் குறுஞ்செய்தியில் அனுப்பிய இணைப்பைத் தட்டி நிறுவிய செயலியில் அடையாள அட்டையின் படத்தை விட்டால், அது நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். அங்கிருந்து வெளியே போன நகலைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே, விரலை எடுக்குமுன் எந்தச் செயலி, யாருடைய பெயர் என்று ஒருமுறை பாருங்கள். சந்தேகம் வந்தால், புறப்பட்ட இடத்திற்கே இழுத்து வந்து விரலை எடுங்கள். பொருள் எங்கும் போகாது. செயலிகளைக் கைப்பேசியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவருக்கும் எவ்வழியிலும் அனுப்பாதீர்கள். மலேசியாவில் மோசடியால் பணம் போனதாகத் தெரிந்தால், உடனே வங்கியை அழையுங்கள். அல்லது 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்தான்.

படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இவற்றை இன்றே பாட்டி தாத்தாவுக்குச் செய்து காட்டலாம். பத்திரம் வேண்டாம், ஒரு பூவின் படத்தை வைத்துப் பழகினால் போதும்.