மேல்காற்றில் வாட் கணக்கு

ஆடி மாதம் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் மேல்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று. முக்கி முக்கி மிதித்தாலும் வேகமானி நகராது. திரும்பி வரும்போதோ, கால் சும்மா இருந்தாலே பறக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், உடம்பில் படும் காற்றின் வேகம் இரட்டிக்கும், தடை நான்கு மடங்காகும். இந்த ஊரில் வேகத்தை வைத்து உழைப்பை அளக்கவே முடியாது.

அளக்க வேண்டியது வாட். கிராங்கிலோ பெடலிலோ பொருத்தும் பவர் மீட்டருக்குள் மெல்லிய உலோக இழை ஒட்டியிருக்கும். மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இழையும் நீள்கிறது, அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து முறுக்குவிசை கிடைக்கும். அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட்: நிமிடத்துக்கு 80 சுற்றில் 18 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 150. பந்தயச் சைக்கிள்களுக்கு இதை 1980களில் கொண்டுவந்தவர் ஜெர்மனிப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர். காற்று எப்படி அடித்தாலும் இந்த எண் பொய் சொல்லாது. இதயத்துடிப்புப் பட்டை நல்ல துணைதான், ஆனால் வெயிலும் தூக்கக்குறைவும் துடிப்பை மாற்றிவிடும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் பகுதி இது. மழை நாளில் வீட்டுக்குள் மிதிக்க ஸ்மார்ட் டிரெய்னர் உதவும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேரே அதில் மாட்டலாம். உள்ளே சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே மின்காந்தம். அதில் மின்னோட்டம் கூடக் கூட மிதி கனக்கும்.

டிரெய்னர் வாங்கும்போது பணம் வீணாவது பெரும்பாலும் பொருத்தத்தில்தான். விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் பின்னால் இருப்பது ஹப்பில் செருகும் பல்சக்கரத் தொகுதியான கேசட் அல்ல, மரையில் திருகிய 7 பல்சக்கர ஃப்ரீவீல். அதைக் கழற்றி டிரெய்னரில் மாட்ட முடியாது. அதற்கென 7 வேகக் கேசட் வாங்கி, 8 வேகத்துக்கான ஹப்பில் 4.5 மில்லிமீட்டர் வளையத்தோடு ஏற்ற வேண்டும். பின் ஃபோர்க்கின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்: பழைய ரோடு சைக்கிளில் 130 மில்லிமீட்டர், மலைச் சைக்கிள்கள் பலவற்றில் 135, டிஸ்க் பிரேக்கோடு வரும் புதிய ரோடு சைக்கிளில் பெரும்பாலும் 142. அந்த அளவுக்கான அடாப்டர் டிரெய்னர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடலாம்.