பழைய சைக்கிளில் "கட்... கட்..." சத்தமா? பிரேம் போச்சுன்னு பயப்படாதீங்க!

விழுப்புரம்:
பழைய சைக்கிள் "கட்... கட்..." என்று கத்தினால் 'பிரேம் விட்டுப்போச்சு' என்று உடனே பழைய இரும்புக்கு போட வேண்டாம். பிரேம் வெறும் குழாய். சத்தம் எங்கே வந்தாலும் பிரேமில் வருவது போலத்தான் கேட்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?
பெடல் சுற்றும்போது மட்டும் சத்தம் வந்தால் முதலில் காட்டர் பின்னை பாருங்க. தேய்ந்திருந்தால் புதுசு அடித்து நட்டை முறுக்கினால் போதும். எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் கோளாறு சீட்டில். சீட் கம்பியை உருவி, துரு துடைத்து, கிரீஸ் தடவி மாட்டலாம். முன் பிரேக்கை பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'லொடக்' என்கிறதா? ஹேண்டில்பார் கழுத்தில் உள்ள குண்டு, கோன் லூசாக இருக்கும்.

மண்ணெண்ணெய்-சாக்பீஸ் சோதனை
இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையா? பிரேம் மூட்டுகளை துடைத்து மண்ணெண்ணெய் தடவுங்க. கால் மணி நேரம் கழித்து நன்றாக துடைத்து, சாக்பீஸ் தூளை பூசுங்க. விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் ஊறி, கோடு தெரியும். அந்தக் காலத்து ரெயில்வே பட்டறைகளில் விரிசல் பிடித்த வழி இது. கோடு தெரியாவிட்டாலும் மூட்டு ஓரம் துருக்கோடு ஓடினால் உஷார்.

கோடு தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. விழுப்புரம், திண்டிவனம் வழியாக செல்லும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பின்னாலேயே லாரி, பஸ் வரும். அங்கே போர்க் உடைந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். விரிசல் விட்ட போர்க்கை பற்ற வைத்து ஓட்டாமல், மாற்றி விடுவதே உயிருக்கு நல்லது.